தனக்கு மிஞ்சித்தான் தானமா?

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. எங்கோ ஒரு தேசத்தில் பூகம்பமோ பஞ்சமோ வந்து, பணக்கார நாடு ஒன்று உதவி அறிவிக்கும்போதெல்லாம், அந்த நாட்டுக்குள்ளேயே யாராவது இதே பழமொழியை வேறு வார்த்தைகளில் சொல்வார்கள். "இங்கேயே வேலை இல்லாதவன் இருக்கிறான், வீடு இல்லாதவன் இருக்கிறான். நம் வரிப்பணத்தை எதற்கு அந்நியனுக்குக் கொடுக்க வேண்டும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் புதிய கேள்வி அல்ல. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இது 230 வருடங்களுக்கு முன்பே எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பேரிடரின்போதும் அது திரும்பத் திரும்ப எழுந்தது, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமான பதில் கிடைத்தது. அந்தப் பதில்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், "கொடுக்கலாமா, வேண்டாமா" என்பதை விட முக்கியமான ஒரு விஷயம் தெரியவருகிறது.

மறுத்தவரே கையெழுத்திட்ட கதை

இன்றைய ஹைத்தி அப்போது பிரான்ஸின் காலனி. பெயர் செயின்ட் டொமிங்கோ. அங்கே 1791-ல் அடிமைகளின் புரட்சி வெடித்தது. 1793-ல் அதன் முக்கிய நகரம் தீக்கிரையானபோது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி பால்டிமோர் முதலிய அமெரிக்கத் துறைமுகங்களில் வந்து இறங்கினார்கள். கையில் காசில்லை. அவர்களுக்கு அரசுப் பணத்திலிருந்து உதவலாமா என்ற விவாதம் 1794 ஜனவரியில் காங்கிரஸுக்கு வந்தது.

அப்போது எழுந்து தயக்கம் தெரிவித்தவர் ஜேம்ஸ் மேடிசன். அமெரிக்க அரசியல் சட்டத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்தவர். மக்கள் கட்டிய பணத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவிடும் உரிமையைக் காங்கிரஸுக்குத் தரும் ஷரத்து எது என்று தன்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்பது அவர் வாதம். அவருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. இன்று இதற்கு வழி திறந்தால் நாளை எங்கே போய் நிற்கும் என்பதுதான் பயம்.

கடைசியில் காங்கிரஸ் 15,000 டாலர் ஒதுக்கியது. அதிலும் ஒரு சாமர்த்தியம் இருந்தது. அந்தத் தொகையைத் தானமாக எழுதாமல், பிரான்ஸின் கணக்கில் தற்காலிகப் பற்றாக எழுதிக்கொண்டார்கள்! சட்டச் சிக்கலுக்குக் கணக்குப் புத்தகத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள் எனலாம்.

18 வருடங்கள் ஓடின. 1812 மார்ச் 26, பெரிய வியாழன். வெனிசுவேலாவின் கராக்கஸ் நகரத்தில் மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த நேரத்தில் பூமி ஆடியது. கராக்கஸ், லா குவைரா, மெரிடா ஆகிய ஊர்கள் நொறுங்கின. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். வெனிசுவேலா ஸ்பெயினிடமிருந்து சுதந்திரம் பெற்றுவிட்டதாக அறிவித்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. "மன்னரை எதிர்த்ததற்குக் கடவுள் கொடுத்த தண்டனை" என்று ஸ்பெயினுக்கு ஆதரவான பாதிரியார்கள் பிரசங்கம் செய்தார்கள்.

செய்தி வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தது. உணவுப் பொருட்கள் வாங்கி அனுப்ப 50,000 டாலர் ஒதுக்கி 1812 மே 8-ம் தேதி ஒரு சட்டம் நிறைவேறியது. அமெரிக்க அரசு வெளிநாட்டுப் பேரிடருக்குத் தந்த முதல் உதவியாக வரலாற்றில் குறிப்பிடப்படுவது இதுதான். அதில் கையெழுத்திட்ட ஜனாதிபதி யார் தெரியுமா? அதே ஜேம்ஸ் மேடிசன்!

இடையில் அரசியல் சட்டம் மாறிவிடவில்லை. நாடு பணத்தில் புரளவும் இல்லை. அடுத்த மாதமே பிரிட்டனுடன் போர் தொடங்கவிருந்த நேரம் அது. மாறியது வேறு ஒன்று. ஸ்பெயினிடமிருந்து விடுபட்டு வரும் புதிய குடியரசுகளோடு நட்பும் வியாபாரமும் அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டன. 1794-ல் கண்ணுக்குத் தெரியாத ஷரத்து 1812-ல் தெரிந்துவிட்டது. ஆனால் விதி விளையாடியது. அந்த ஜூலையிலேயே வெனிசுவேலாவின் குடியரசு கவிழ்ந்து, ஸ்பெயின் தரப்பு ஆட்சியைப் பிடித்தது. நட்பை எதிர்பார்த்துக் கொடுத்த கணக்கு பொய்த்துப் போனது.

போர்க்கப்பலில் வந்த தானியம்

1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியது. அடுத்த சில வருடங்களில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். இன்னும் ஏறக்குறைய அத்தனை பேர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். உலகத்தின் மிகப் பெரிய பணக்கார நாடான பிரிட்டன்தான் அயர்லாந்தை ஆண்டுகொண்டிருந்தது. பஞ்ச காலத்திலும் அங்கிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1847-ல் அமெரிக்க செனட் சபை 5 லட்சம் டாலர் உதவி வழங்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் அது பிரதிநிதிகள் சபையைத் தாண்டவில்லை. ஜனாதிபதி போல்க் அரசியல் சட்டத்தைக் காட்டி எதிர்த்தார். மேடிசனின் பழைய கேள்வி மீண்டும் உயிர் பெற்றது. அதே நேரத்தில் மெக்சிகோவுடன் நடந்த போருக்குப் பணம் தாராளமாகச் செலவாகிக்கொண்டிருந்தது.

பொதுமக்கள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராக வசூல் செய்தார்கள். அரசு பணம் தராவிட்டாலும் இரண்டு போர்க்கப்பல்களை இரவல் தந்தது. பீரங்கிகளை இறக்கிவிட்டு, சுமார் 800 டன் உணவுப் பொருட்களை ஏற்றிக்கொண்டு, 'ஜேம்ஸ்டவுன்' என்ற கப்பல் 1847 மார்ச் 28-ல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. 15 நாளில் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தை அடைந்தது.

அதே மார்ச் மாதத்தில் இன்னொரு சம்பவம் நடந்தது. சோக்டா என்பவர்கள் அமெரிக்கப் பூர்வகுடிகள். 1831 முதல் அரசு அவர்களை மிசிசிப்பிப் பகுதியிலிருந்து மேற்கே துரத்தியது. குளிரிலும் பசியிலும் நடந்த அந்தப் பயணத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள் அயர்லாந்தின் பசியைப் பற்றிக் கேள்விப்பட்ட அவர்கள், ஒன்றுகூடி 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். தனக்கு மிஞ்சியா கொடுத்தார்கள்? இல்லை. பசி என்றால் என்ன என்று தெரிந்ததால் கொடுத்தார்கள்.

எதிரிக்குச் சோறு

1921-ல் ரஷ்யாவின் வோல்கா நதிப் பகுதியில் கொடிய பஞ்சம். எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி உலகத்திடம் உதவி கேட்டார். கம்யூனிஸ்ட் அரசை அமெரிக்கா அங்கீகரிக்கவே இல்லாத காலம் அது. அமெரிக்க நிவாரண அமைப்பின் தலைவரான ஹெர்பர்ட் ஹூவர் கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்தவர். ஆனாலும் அவர் உதவ முன்வந்தார். அந்த டிசம்பரில் காங்கிரஸ் 2 கோடி டாலர் ஒதுக்கியது.

"நம் ஊரில் வேலையில்லாதவர்கள் இல்லையா?" என்ற குரல் அப்போதும் எழுந்தது. மசோதாவுக்குக் கைகொடுத்தது இரக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் மக்காச்சோளம் விலை வீழ்ந்து விவசாயிகள் தவித்துக்கொண்டிருந்தார்கள். ரஷ்யாவுக்காக அரசு சோளம் வாங்கினால் அவர்களுக்கும் லாபம்.

நோக்கம் கலப்படம்தான். ஆனால் பலன்? 1922 கோடையில் ஒரு நாளைக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட ரஷ்யர்கள் அந்த அமைப்பு கொடுத்த உணவைச் சாப்பிட்டார்கள். இறந்தவர்களும் பல லட்சம் பேர் என்பதை மறக்க முடியாது. அமெரிக்கச் சோளம் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்த வருடக் கடைசியில், ஒரு பக்கம் உதவி வாங்கிக்கொண்டே சோவியத் அரசு தானியம் ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. அமெரிக்காவில் கொதித்துப் போனார்கள். 1923-ல் உதவி நின்றது. "பாத்திரம் அறிந்து பிச்சை இடு" என்பவர்கள் இந்த உதாரணத்தைத்தான் காட்டுவார்கள். ஆனால் ஏற்றுமதி செய்தது அரசு, பசியில் இருந்தது குழந்தைகள். அரசின் தவறுக்குக் குழந்தையின் தட்டைப் பறிப்பது எந்தக் கணக்கில் சேரும்?

வாங்கும் கை

கொடுப்பவரைப் பற்றியே பேசினால் பாதிக் கதைதான். வாங்குவது எப்படி இருக்கும் என்பது இந்தியாவுக்குத் தெரியும். 1965, 1966 என்று அடுத்தடுத்து மழை பொய்த்தது. பீகாரில் நிலைமை மிக மோசம். 1966-ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. அதில் பெரும்பகுதி பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் வந்த அமெரிக்கக் கோதுமை.

ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அதை மொத்தமாக அனுப்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, இழுத்துப் பிடித்தே அனுப்பினார். இந்தியா தன் விவசாயக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது ஒரு காரணம். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொரு காரணம். அடுத்த கப்பல் வருமா, வராதா என்று ஒரு தேசமே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோதுமை உயிர்களைக் காப்பாற்றியது உண்மை. மனதில் ஒரு தழும்பை விட்டுச் சென்றதும் உண்மை. அப்போதைய விவசாய அமைச்சர் சி. சுப்பிரமணியம் முன்னின்று நடத்திய பசுமைப் புரட்சிக்கு அந்த அவமானமும் ஒரு உந்துதல்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 பேரை வாரிக்கொண்டு போனது. அப்போது வெளிநாட்டு அரசுகள் தர முன்வந்த அவசர உதவியை இந்தியா வேண்டாம் என்றது. அதோடு இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் தன் கடற்படைக் கப்பல்களை நிவாரணத்துக்கு அனுப்பியது. கப்பலுக்காகக் காத்திருந்த நாடு 38 வருடத்தில் கப்பல் அனுப்பும் நாடாகிவிட்டது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஐந்து கதைகளிலும் ஒரு விஷயம் பொது. பணம் இல்லாததால் ஒருமுறைகூட உதவி மறுக்கப்படவில்லை. தனக்கு ஆதாயம் இருந்தபோது ஷரத்து கண்ணில் பட்டது, இல்லாதபோது மறைந்துவிட்டது. ஆகவே பணக்கார நாடுகள் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தந்த நேரத்து மனநிலையைப் பொறுத்த சலுகையாக அல்ல, முன்கூட்டியே ஒதுக்கிய கடமையாக.

பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்று ஐ.நா. 1970-லேயே இலக்கு வைத்தது. 100 ரூபாயில் 70 பைசா! அதைக்கூட எட்டிய நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எட்டியிருந்த பிரிட்டனும் 2021-ல் 0.5-ஆகக் குறைத்துக்கொண்டது. 1961-ல் தொடங்கிய அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ். எய்ட் 2025-ல் மூடப்பட்டது. அப்போதும் சொல்லப்பட்ட காரணம் புதிதல்ல: நம் பணம் நமக்கே.

2020-ல் கொரோனா அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ, ஹோப்பி மக்களைக் கடுமையாகத் தாக்கியது. அவர்களுக்காக நிதி திரட்டியபோது, அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினார்கள். பலர் சொன்ன காரணம், 1847-ல் சோக்டா மக்கள் அனுப்பிய அந்த 170 டாலர். வாங்கியவர்களின் கொள்ளுப்பேரன்களும் அதை மறக்கவில்லை.

ஆதாயம் பார்த்துக் கொடுத்த மேடிசனின் 50,000 டாலரை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?