ஒட்டுத்தாடியின் பயணம்

மாறுவேடம் நம் பக்கத்தில் மிகப் பழைய சரக்கு. பொற்கைப் பாண்டியனின் கதையைச் சிலப்பதிகாரமே குறிப்பிடுகிறது. அரசனின் காவல் இருக்கிறது, அஞ்சாதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியூர் போகிறான் கீரந்தை. அதைக் கேட்டுவிட்ட பாண்டியன் இரவுதோறும் அந்தத் தெருவைச் சுற்றி வருகிறான். ஒருநாள் வீட்டுக்குள் ஆண்குரல் கேட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே இருந்தவன் ஊர் திரும்பிய கீரந்தைதான். அவன் மனைவியைச் சந்தேகப்படக் கூடாதே என்று தெருவிலிருந்த எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுப் போகிறான் அரசன். மறுநாள் அவைக்கு வழக்கு வந்தது. தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்டான். அப்புறம் வந்ததுதான் பொன்கை.

இன்னொன்று மதுரையில் ஆவணிதோறும் திருவிழாவாக நடக்கிற கதை. வைகை கரையை உடைத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்று அரசாணை. ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவனே கூலியாளாக வருகிறார். கூலி, உதிர்ந்த பிட்டு. தின்றுவிட்டுத் தூங்கியவர்மேல் பாண்டியனின் பிரம்பு விழுகிறது. அந்த அடி அடித்தவன் முதுகு உட்பட எல்லா உயிர்கள் மேலும் விழுந்தது என்கிறது திருவிளையாடற் புராணம். மேலே இருப்பவர் வேடம் போட்டுக் கீழே இறங்கினால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த இரண்டும்தான் அளவுகோல். ஒன்றில் அரசன் தன் பிழைக்குத் தானே விலை கொடுத்தான். மற்றதில் கூலியாளின் வலி எல்லாருக்கும் வலித்தது.

தொலைக்காட்சிக்குள் இந்த வேடம் தனி நிகழ்ச்சியாகவே நுழைந்தது 2009-இல், பிரிட்டனின் சேனல் 4 வழியாக. 'அண்டர்கவர் பாஸ்' என்று பெயர். தயாரித்தது ஸ்டீபன் லாம்பர்ட்டின் ஸ்டூடியோ லாம்பர்ட். நிறுவனத்தின் தலைவர் பெயரையும் தோற்றத்தையும் மாற்றிக்கொண்டு தன் கம்பெனியிலேயே அடிமட்ட வேலைகளில் சேர்வார். கூடவே வரும் கேமராவுக்கு ஒரு பொய்க்காரணம் சொல்லப்படும்: புதிதாக வேலைக்கு வருகிறவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம் என்று. கடைசியில் தாடியும் விக்கும் கழற்றப்படும். கூட வேலை செய்தவர்களைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, நான்தான் முதலாளி என்று சொல்வார். கண்ணீர், கட்டிப்பிடிப்பு, பரிசு.

2010 பிப்ரவரி 7-ஆம் தேதி அது அமெரிக்காவில் இறங்கியது. அந்நாட்டின் பெரிய விளையாட்டுத் திருவிழாவான சூப்பர் பவுல் முடிந்த கையோடு சிபிஎஸ் ஒளிபரப்பியது. 3 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். முதல் ஆள், குப்பை அள்ளும் பெரிய நிறுவனமான வேஸ்ட் மேனேஜ்மென்ட்டின் உயர் அதிகாரி லாரி ஓ'டானல். குப்பைமேட்டில் காற்றில் பறக்கும் காகிதங்களைப் பொறுக்கும் வேலை அவருக்கு. கை வேகம் போதவில்லை என்று மேற்பார்வையாளர் அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்.

அந்தப் படத்தில் என்னை உலுக்கிய இடம் அது இல்லை. குப்பை லாரி ஓட்டும் ஒரு பெண்ணோடு ஓ'டானல் ஒருநாள் போகிறார். நேரத்துக்குள் தெருக்களை முடித்தாக வேண்டும், வழியில் ஒதுங்க இடமில்லை. அதனால் லாரிக்குள்ளேயே ஒரு டப்பா வைத்திருப்பதாக அந்தப் பெண் சொல்கிறார். கேட்டவர் முகம் மாறுகிறது. காரணம், வேலையை வேகப்படுத்தச் சொல்லி மேலிருந்து உத்தரவு போட்டவரே அவர். தலைமை அலுவலகத்தில் ஓர் எண்ணாக இருந்தது கீழே வரும்போது ஒரு டப்பாவாகிவிட்டது. இன்னொரு இடத்தில், சாப்பிட்டு வர ஒரு நிமிடம் தாமதித்தால் இரண்டு நிமிடக் கூலியைப் பிடிக்கும் வழக்கம் இருந்ததையும் அவர் அப்போதுதான் அறிந்தார். இந்த இரண்டுக்காகவே அந்த வேடத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன்.

பிறகு அந்த நிகழ்ச்சி வேகமாக ஊர் சுற்றியது. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, பிரான்ஸ். 2012, 2013 இரண்டு ஆண்டுகளும் எம்மி விருது. போகப்போக விக்கின் அடர்த்தியும் பரிசின் தொகையும் கூடின. ஒருவருக்குப் பிள்ளையின் படிப்புச் செலவு, ஒருவருக்குக் குடும்பத்தோடு சுற்றுலா. கேமரா போகாத அடுத்த கிளையில் அதே வேலையைச் செய்கிறவருக்கு ஒன்றுமில்லை. பிரம்படி எல்லார்மேலும் விழுந்த கதை இங்கே நடக்கவில்லை. ஒருவர் கண்ணீரைத் துடைத்துவிட்டு அடுத்த வாரம் அடுத்த கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

நம் நாட்டுக்குள் இந்த வேடம் தொலைக்காட்சி இல்லாமலே வந்திருக்கிறது. 2016-இல் சூரத் வைர வியாபாரி சவ்ஜி தோலாகியா தன் 21 வயது மகனைக் கொச்சிக்கு அனுப்பினார். மூன்று செட் துணி, அவசரத்துக்கு மட்டும் 7,000 ரூபாய். அப்பா பெயரைச் சொல்லக் கூடாது, மொபைல் கூடாது, ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்குமேல் வேலை பார்க்கக் கூடாது. மொழி தெரியாத ஊரில் சுமார் அறுபது இடங்களில் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினார்களாம். பிறகு ஒரு பேக்கரி, ஒரு கால் சென்டர், ஒரு செருப்புக் கடை என்று வேலை கிடைத்திருக்கிறது. 2024-இல் உணவு டெலிவரி நிறுவனமான சொமாட்டோவை நடத்திய தீபிந்தர் கோயல் டெலிவரி சட்டை போட்டுக்கொண்டு குருகிராமில் ஒரு மாலுக்குப் போனபோது, லிப்ட் கிடையாது, படியில் ஏறு என்றார்கள்.

கொச்சிப் பிள்ளை நின்ற அந்தச் செருப்புக் கடையை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு தோல் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு அது வந்த வழியே பின்னோக்கி நடந்தால் நம் பாலாற்றங்கரைக்கு வந்து சேர வாய்ப்பு உண்டு.

அந்தக் கரையில் ஓர் ஊர்; உத்திர ரங்கநாதர் பள்ளிகொண்டதால் அதற்குப் பள்ளிகொண்டா என்று பெயர். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இது ஒரு சுங்கச்சாவடி. ஒரு பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி. மறுபக்கம் வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை. ஆற்றைத் தாண்டினால் குடியாத்தம், பேர்ணாம்பட்டு. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட நாடு. பிறகு குரோமிய டிரம்கள் வந்தன. பச்சைத்தோல் சுண்ணாம்பில் ஊறி, டிரம்மில் சுழன்று, நீலம் பாய்ந்த 'வெட் ப்ளூ' ஆகி, ஷூ கம்பெனிக்குப் போகிறது. கட்டிங், ஸ்டிச்சிங், பேஸ்டிங், லாஸ்டிங், பினிஷிங் என்று கை மாறுகிறது. தையல் மிஷின்களில் பெரும்பாலும் பெண்கள். விடியும் முன்னே சமைத்து, டப்பா கட்டி, கம்பெனி வண்டிக்காகச் சாலையோரம் நிற்கிற இந்தப் பெண்களைப் பார்க்காமல் இந்தப் பக்கம் யாரும் வளர்ந்திருக்க முடியாது.

இங்கே அந்த ஒட்டுத்தாடி எடுபடுமா? உள்ளூர் முதலாளியின் முகம் ஊருக்கே தெரியும். எந்த விக்கும் அதை மறைக்காது. ஆனால் ஒரு ஜோடிக்கு என்ன விலை, எந்தத் தேதிக்குள் கப்பலேற வேண்டும் என்பதை முடிவு செய்வதில் பெரிய கை வெளிநாட்டு பிராண்டுக்கு இருக்கிறது. அதன் தலைவருக்கு வேடமே தேவையில்லை. அவர் முகம் இங்கே யாருக்கும் தெரியாது. சொந்த முகத்தோடு வந்து மிஷின் பக்கத்தில் உட்காரலாம்.

அப்படி யாரும் உட்காருவதில்லை. "நாளைக்கு பையர் வர்றாங்க" என்று, வாங்கும் பிராண்டின் ஆட்களைப் பற்றிய செய்தி முதல்நாளே வந்துவிடும் என்று கம்பெனியில் வேலை பார்த்த அக்காமார்கள் சொல்வார்கள். தரை கழுவப்படும், மாஸ்க் வெளியே வரும். பொற்கைப் பாண்டியன் முன்கூட்டியே பறை அறைவித்துவிட்டா நகர்வலம் போனான்?

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அந்த நிகழ்ச்சியில் முதலாளி சந்திப்பது தன் சம்பளப் பட்டியலில் இருக்கிறவர்களை. ஆம்பூர் வட்டாரத்தில் ஷூவின் மேல்பாகமான அப்பரைக் கையால் தைக்கும் வேலை வீடுகளுக்குப் போகிறது. ஏஜென்ட் கொண்டுவந்து போடுவார், பெண்கள் வாசலில் உட்கார்ந்து தைப்பார்கள், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கெட்டித் தோலில் ஊசி இழுத்து இழுத்து விரல் வெடிக்கும், முதுகு விட்டுப்போகும். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. பிராண்டின் கணக்கில் இவர்கள் இல்லை, பல வேளை கம்பெனியின் கணக்கிலும் இல்லை. எத்தனை வாரம் வேடம் போட்டாலும் இந்த வாசலுக்கு முதலாளி வந்து சேரமாட்டார். அவர் நுழைவது தொழிற்சாலை வாயில் வழியாக. இவர்கள் அதற்கு வெளியே இருக்கிறார்கள்.

வேடம் போட்ட முதலாளியை மலிவான விடுதியில் தங்க வைப்பார்கள், அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி. இங்கே தொழிலாளிகள் படுத்த இடம் வேறு. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் கசடு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். வேலை செய்த இடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தவர்கள், பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று பார்க்க எந்த வேடமும் தேவைப்பட்டிருக்காது. ஓர் இரவு உள்ளே நடந்து பார்த்திருந்தால் போதும்.

தோல் ஆலைகளின் கழிவால் பாலாறு கெட்டுப்போன செய்தியும் வேடமில்லாமல்தான் வெளியே வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை அந்தத் தீர்ப்பால் இந்தியச் சட்டத்தில் உறுதியானது. பொற்கைப் பாண்டியனின் தீர்ப்புக்கு இதுவே நெருங்கிய உறவு.

ஆகவே ஷூ விற்கும் பெரியவர்களே, தாடி வேண்டாம், கேமராவும் வேண்டாம். சொல்லாமல் வாருங்கள். விடியற்காலை பள்ளிகொண்டாவில் இறங்கி, வண்டிக்கு நிற்கும் பெண்களோடு நில்லுங்கள். பிறகு ஏஜென்டின் பின்னாலேயே போய், உங்கள் ஷூவைக் கையால் தைக்கும் பெண்ணின் வாசலைக் கண்டுபிடியுங்கள். பரிசு எதுவும் கொண்டுவர வேண்டாம். அவர் பெயரை உங்கள் பதிவேட்டில் எழுதுங்கள்.