எல்.ஐ.சி. கட்டடம்: வகுப்பில் நான் சொன்னதில் ஒரு திருத்தம்



மெட்ராஸ் எக்ஸ்கர்ஷன் போனபோதெல்லாம் மவுண்ட் ரோட்டில் பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்லி எல்.ஐ.சி. கட்டடத்தைக் காட்டுவேன். நீங்கள் ஜன்னலில் தலையை நீட்டி மாடிகளை எண்ணுவீர்கள். ஒருவர் எண்ணிக்கை இன்னொருவருக்கு ஒத்து வராது. "லண்டன் எஞ்சினியர்கள் கட்டியது" என்று நான் சொல்லிவைத்தேன். அது பாதிதான் சரி. பல வருஷம் அப்படியே சொல்லியிருக்கிறேன், அதனால்தான் இந்தப் பதிவு.

அந்த இடம் முதலில் எல்.ஐ.சி.க்குச் சொந்தமே இல்லை. 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய மு.சித.மு. சிதம்பரம் செட்டியார், தன் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எழுப்பத் தொடங்கிய கட்டடம் அது. பிளான் போட்டவர்கள் பிரவுன், மௌலின் என்ற லண்டன் ஆர்க்கிடெக்டுகள். 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் விமானம் விழுந்து நொறுங்கியதில் செட்டியார் காலமானார். அப்போது அவர் கட்டடம் பாதியில் நின்றது. 1956இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது, கட்டடமும் எல்.ஐ.சி. கைக்குப் போனது. அடுத்த வருஷமே லண்டன்காரர்கள் விலகிக்கொண்டார்கள்.

அதன்பின் பொறுப்பேற்றவர் எல்.எம். சித்தாலே. மராட்டியர். 1932லேயே மெட்ராஸில் சொந்தமாக ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் போட்டவர். பெரிய கட்டடமென்றால் வெள்ளைக்காரக் கம்பெனியைத் தேடிப் போன காலம் அது. ஆர்மீனியன் தெருவில் ஓரியண்டல் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் அவர் வேலைதான். புது பாணிக் கட்டடத்தின் உச்சியில் நம் நாட்டுக் குவிமாடங்கள்! எனக்கு எல்.ஐ.சி.யைவிட அதுதான் பிடிக்கும்.

அடுத்தவர் பிளானை வாங்கி முடித்துக்கொடுப்பது லேசுப்பட்ட வேலையில்லை. பாதியில் நிற்கும் வீட்டை வாங்கிய நம்மூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். அதுவரை செங்கல், சுண்ணாம்பு என்று கட்டிப் பழகிய ஊரில் கான்கிரீட் தூண்களில் 177 அடி உயரம். 1959 ஆகஸ்ட் 23 அன்று அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். 1975 ஜூலையில் பெரிய தீ விபத்து. அதற்குப் பிறகும் இன்றுவரை நிற்கிறது.

சென்ட்ரல் எதிரே உள்ள சித்தீக் சராயைக் கடக்கும்போது நம்மூர் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் பேரை ஒருவராவது சொல்லிவிடுவோம். கொடுத்தவரை மறக்கமாட்டோம். ஆனால் அதற்கு வரைபடம் போட்டவர் யார், கல் அடுக்கிய மேஸ்திரி யார் என்று நான் உங்களிடம் கேட்டதுமில்லை, நீங்கள் என்னிடம் கேட்டதுமில்லை.

இப்போது எல்.ஐ.சி. பேரிலேயே மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. பேரப்பிள்ளைகளை அழைத்துப் போனால் செட்டியார், பிரவுன், மௌலின், சித்தாலே என்று நான்கு பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாடியையும் எண்ணிப் பார்த்து கமெண்டில் போடுங்கள். இன்னும் தகராறு தீர்ந்தபாடில்லை.