எந்த மணிமேகலை?

நெய்வேலியில் என்.எல்.சி. நிறுவனம் நடத்தும் புத்தகக் கண்காட்சியில் ஒருவர் ‘மணிமேகலை வேண்டும்’ என்று கேட்டால், ‘எந்த மணிமேகலை?’ என்ற கேள்விதான் முதலில் வரும். சீத்தலைச் சாத்தனாரின் காப்பியமா? துப்பறியும் சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் தொடங்கிய மணிமேகலைப் பிரசுரமா? ‘பொன்னியின் செல்வ’னில் வரும் கடம்பூர் சம்புவரையர் மகளா? கவிஞரும் திரைப்பட இயக்குநருமான லீனா மணிமேகலையின் கவிதைத் தொகுப்பா? கேட்டவரின் பெயரே மணிமேகலையாக இருந்தாலும் வியப்பில்லை. நகரியம் வட்டம் வட்டமாக வளர்ந்த அறுபதுகளும் எழுபதுகளும், பெண் குழந்தைகளுக்குக் காப்பியப் பெயர்களைத் தேடிச் சூட்டிய காலம். கண்ணகி, மாதவி, மணிமேகலை என்ற பெயர்களைப் பள்ளி வருகைப் பதிவேடுகளில் அடுத்தடுத்துக் கூப்பிட்ட தலைமுறை அது.

இத்தனை பேருக்கும் பொருள்களுக்கும் பெயர் கொடுத்தது இடுப்பில் அணியும் ஒரு நகை.

மேகலை என்பது பெண்கள் உடைக்கு மேல் இடையில் சுற்றி அணிந்த மணிக்கோவை. அது சங்கிலி போல ஒற்றைச் சரமாக இராது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் இடையணிகளைக் கோவைகளின் எண்ணிக்கையை வைத்தே வேறுபடுத்துகிறார். ஏழு கோவை கொண்டது மேகலை, எட்டுக் கோவை என்றால் காஞ்சி, பதினாறு என்றால் கலாபம், பதினெட்டு என்றால் பருமம், முப்பத்திரண்டு என்றால் விரிசிகை. கோவலனின் ஊடல் தீர்க்க மாதவி தன்னை அலங்கரித்துக்கொள்ளும் கடலாடு காதையில் அவள் இடையில் கிடப்பது முப்பத்திரண்டு வடம் கோத்த முத்து. நகை எத்தனை சரம் என்று எண்ணிச் சொல்லும் அளவுக்கு அந்தக் காலத்துக் கண்கள் கூர்மையாக இருந்திருக்கின்றன. சோழர் காலத்து அம்மன் செப்புத் திருமேனிகளின் இடையைப் பார்த்தால் இந்த அணியின் கட்டுமானம் விளங்கும். நடுவில் சிங்கமுகக் கொக்கி, அதிலிருந்து தொங்கும் சரங்கள், தொடைமேல் வளைந்து இறங்கும் மணித்தொடர். இன்று கல்யாணப் பெண் அணியும் ஒட்டியாணம் இந்தக் குடும்பத்தில் வந்ததுதான், ஆனால் அது பட்டையாக இறுகிவிட்டது. சரங்களின் அசைவு அதில் இல்லை.

‘மேகலா’ வடமொழியிலும் இடைக்கச்சையைக் குறிக்கும் சொல். உபநயனத்தில் சிறுவனின் இடுப்பில் கட்டும் முஞ்சைப்புல் கயிற்றுக்கும் அதுவே பெயர். யாகசாலையில் ஓமகுண்டத்தைச் சுற்றிப் படிபடியாக எழுப்பும் விளிம்பையும் மேகலை என்றே சிற்பிகளும் சிவாசாரியார்களும் சொல்கிறார்கள். அசாமுக்குப் போனால் பெண்கள் இடுப்பைச் சுற்றி உடுத்தும் பட்டு ஆடை ‘மேகேலா’. புல்லோ, செங்கல்லோ, பட்டோ, பொன்னோ, ஒன்றைச் சுற்றி அணைத்து நிற்பது மேகலை.

நிலத்தைச் சுற்றி அணைத்து நிற்பது எது? கடல். பூமியைப் பெண்ணாகவும் கடலை அவள் இடையணியாகவும் பார்த்து, ‘சமுத்திரமேகலா’ என்றே நிலமகளுக்கு வடமொழியில் ஒரு பெயர் உண்டு. அந்தக் கடலைக் காக்கும் தெய்வம் முத்தும் மணியும் கோத்த இடையணியின் பெயரோடு மணிமேகலை என்று அழைக்கப்படுவது இதனோடு அழகாகப் பொருந்துகிறது.

அந்தத் தெய்வத்தைப் பௌத்த ஜாதகக் கதைகள் நன்றாக அறியும். மகாஜனக ஜாதகத்தில் இளவரசன் ஒருவன் சுவர்ணபூமிக்குக் கப்பலேறுகிறான். நடுக்கடலில் கப்பல் உடைகிறது. ஏழு நாள் நீந்துகிறான். கடலில் விழுந்த நல்லோரைக் காக்க நியமிக்கப்பட்ட மணிமேகலா தேவி, தேவலோக இன்பத்தில் மூழ்கி அந்த ஏழு நாளும் கடலைப் பார்க்க மறந்துவிடுகிறாள். நினைவு வந்து ஓடிவருபவள், கரையே கண்ணில் படாதபோது எதற்காக இப்படி நீந்துகிறாய் என்று அவனைக் கேட்கிறாள். முயற்சி செய்தவன் யாருக்கும் கடன்பட்டவன் ஆகமாட்டான் என்ற பொருளில் அவன் பதில் சொல்கிறான். அந்தப் பதிலுக்காகவே அவனைக் கைகளில் ஏந்தி மிதிலையில் கொண்டுபோய் விடுகிறாள். சங்க ஜாதகத்திலும் கப்பல் உடைந்த ஓர் அந்தணனுக்கு ஏழாம் நாள் கைகொடுப்பவள் இவளே. இந்தக் கடல் தெய்வத்தின் தடத்தைக் குமரி முதல் தென்கிழக்கு ஆசியா வரை தேடிப் பார்த்து 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதியவர் பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி.

தமிழில் இந்தப் பெயர் ஒரு குழந்தைக்கு வந்த நாள் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் பதிவாகியிருக்கிறது. மதுரைப் புறஞ்சேரியில், எல்லாம் இழந்து நிற்கும் கோவலனிடம் மாடல மறையோன் பழைய நாள் ஒன்றை நினைவூட்டுகிறான். மாதவிக்குப் பெண் பிறந்திருக்கிறாள். பெயர் வைக்க மூத்த கணிகையர் கூடியிருக்கிறார்கள். கோவலன் தன் குலக்கதையைச் சொல்கிறான்: முன்னோர் ஒருவரின் மரக்கலம் நள்ளிரவில் உடைந்தது, இந்திரன் ஏவலால் வந்த தெய்வம் அவரைக் கரைசேர்த்தது, அந்தக் குலதெய்வத்தின் பெயரையே இடுங்கள் என்கிறான். ஆயிரம் கணிகையர் ‘மணிமேகலை’ என்று வாழ்த்துகிறார்கள். வாழ்த்தும் அந்தப் பெண்களை இளங்கோ மேகலை அணிந்தவர்கள் என்றே அடைகொடுத்துச் சொல்கிறார். நகையும் தெய்வமும் குழந்தையும் ஒரே பெயரில் ஒரே கூடத்தில் நிற்கும் அந்த இரண்டு வரிகளில் இந்தச் சொல்லின் வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. தானம் பெற வந்த முதிய அந்தணர் ஒருவரை மதயானை துதிக்கையில் வளைத்துப் பிடித்துவிட்டது. கோவலன் பாய்ந்து அவரை மீட்டான். உயிர்மீட்பின் நினைவாக வைத்த பெயருக்கு, வைத்த நாளிலேயே இன்னோர் உயிர்மீட்பு சாட்சியானது.

சாத்தனாரின் காப்பியத்தில் பெயர் கொடுத்தவளும் பெயர் பெற்றவளும் நேரில் சந்திக்கிறார்கள். சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து காக்க, மணிமேகலா தெய்வம் உறங்கும் மணிமேகலையைத் தூக்கிக்கொண்டு முப்பது யோசனை தெற்கே மணிபல்லவத் தீவில் சேர்க்கிறது. யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே அந்த மணிபல்லவம் என்று சொல்வார் பலர். வைகாசி முழுநிலவு நாளில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி என்ற சோற்றுப் பாத்திரம் எழுந்து அவள் கைக்கு வருகிறது. கடல் தெய்வம் செய்த வேலையை அங்கிருந்து இந்தப் பெண் நிலத்தில் தொடங்குகிறாள். ஊர் திரும்பி முதல் பிச்சையை ஆதிரை என்ற பெண்ணிடம் வாங்குகிறாள். எவ்வளவு தின்றாலும் அடங்காத ‘யானைத்தீ’ என்ற பசிநோயில் வெந்த காயசண்டிகைக்கு ஒரு பிடி சோறு இடுகிறாள், நோய் தீர்கிறது. பிறகு சோழன் சிறைக்கூடத்தையே அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். நகையின் பெயரைத் தாங்கியவள் நகைகளைக் களைந்து துறவியானவள் என்பதையும், அவள் கையில் மிஞ்சிய ஒரே பொருள் ஒரு சோற்றுப் பாத்திரம் என்பதையும் சாத்தனார் அறிந்தே வைத்திருக்கிறார். அவரே மதுரையில் கூலம் விற்றவர். தானியத்தின் அருமை தெரிந்த கை எழுதிய காப்பியம் அது.

அதே காப்பியத்தில் தெய்வத்தின் இன்னொரு முகமும் தெரிகிறது. சோழ மன்னன் மகனை இழந்த துயரில் இந்திரவிழாவை மறக்கிறான். கப்பல் உடைந்தவர்களைக் கரைசேர்த்த மணிமேகலா தெய்வமே ‘இந்நகரைக் கடல் கொள்க’ என்று சபிக்கிறது. புகார் அழிகிறது. கடற்கரை மக்கள் கடலைப் பற்றி அறிந்த இரண்டு உண்மைகளும் இந்த ஒரு பெயருக்குள் இருக்கின்றன.

வங்கக் கடலுக்கு அப்பால் இந்தப் பெயர் ‘மணி’யைச் சற்றே ஒதுக்கிவிட்டு வானத்துக்கு ஏறியது. தாய்லாந்தில் அவள் மேக்கலா. கையில் ஒளிரும் பளிங்கு உருண்டையோடு மேகங்களுக்கிடையே விளையாடுகிறாள். அதைப் பறிக்க ராமசூன் என்ற அசுரன் கோடரி வீசுகிறான். உருண்டையின் ஒளி மின்னல், கோடரியின் ஓசை இடி. கம்போடியாவின் அரண்மனை நடனத்தில் மோனி மேக்கலாவின் ஆட்டம் மழை வேண்டும் சடங்கோடு சேர்ந்தது. அந்த நடன மரபை 2003இல் யுனெஸ்கோ மனித குலத்தின் வாய்மொழி, அருவ மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. தாய்லாந்துக் கோயில் சுவர்களில் மகாஜனகனைக் கடலிலிருந்து தூக்கும் தேவியைத் தீட்டிய ஓவியங்கள் பல உண்டு. அந்நாட்டு மன்னர் பூமிபோல் மகாஜனகன் கதையைத் தாமே எழுதி 1996இல் நூலாக வெளியிட்டார்.

தாய்லாந்து கொடுத்த பெயர்ப் பட்டியல் வழியாக அவள் புயலும் ஆனாள். மேற்குப் பசிபிக் கடலில் மேக்கலா என்ற பெயரில் பல புயல்கள் வந்துபோயின. 2015 ஜனவரியில் போப் பிரான்சிஸ் பிலிப்பைன்ஸ் நாட்டின் டாக்ளோபான் நகரில் மழைக்கோட்டு அணிந்து திருப்பலி நடத்தி, பயணத்தைச் சுருக்கிக்கொண்டு கிளம்பக் காரணமான புயலும் ஒரு மேக்கலாதான். புயலுக்குப் பெயர் வைத்தால் அந்தப் பெயர் எப்படி ஒரு மாவட்டத்தின் நினைவில் தங்கிவிடும் என்பது நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30இல் கடலூர்க் கரையைத் தாக்கிய ‘தானே’ அவர்களின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது.

தமிழ்நாட்டில் இந்தப் பெயர் வீடுகளுக்குள் திரும்பி வந்ததில் ஏட்டுச்சுவடிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை 1898இல் உரையோடு பதிப்பித்தார். பௌத்தக் கொள்கைகளை விளங்கிக்கொள்ள அவருக்கு உதவியவர் கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர். புத்தர், தருமம், சங்கம் பற்றிய விளக்கங்களையும் எழுதிச் சாமிநாதையர் பதிப்போடு சேர்த்தார். நெடுங்காலம் சிலரே அறிந்த ஒரு நூல் அதன்பின் ஊரறிந்ததாயிற்று. 1940இல் கே.பி. சுந்தராம்பாள் திரையில் மணிமேகலையாக நடித்தார். 1948இல் ‘அமுதசுரபி’ என்ற பெயரோடு ஒரு மாத இதழ் பிறந்தது. 1950இல் கல்கி தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’, சம்புவரையர் மகளுக்கு இந்தப் பெயரைக் கொடுத்தது. அவள் ஊரான கடம்பூர் காட்டுமன்னார்கோயில் பக்கம் இருப்பது, அதாவது நெய்வேலி இருக்கும் அதே கடலூர் மாவட்டம். கல்கியின் மணிமேகலை வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளத் துணிகிறாள். லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’, தனுஷ்கோடி மீனவர்களும் அகதிகளும் கடலில் படும் பாட்டைப் படமாக்கியது. சான்றிதழ் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 2011இல் அனுமதி பெற்றது. சிறப்பாகச் செயல்படும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தமிழ்நாடு அரசு கொடுக்கும் விருதின் பெயரும் மணிமேகலை விருதுதான். சிறுகச் சேர்த்து ஒருவரையொருவர் கடனிலிருந்து மீட்கும் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

நெய்வேலிக்கு இந்தப் பெயரோடு இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. பக்கத்து ஊர் வடலூர். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த எண்பது காணி நிலத்தில் வள்ளலார் 1867 மே 23இல் சத்திய தருமசாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, வருகிற யாருக்கும் சாதி கேட்காமல் சோறு போடுகிறது. பசியை ஒரு பிணியாகக் கண்டு, அதை நீக்குவதே அறங்களில் தலையாயது என்று சாத்தனார் எழுதியதை வள்ளலார் அரிசியும் விறகும் கொண்டு நடத்திக் காட்டினார். மணிமேகலையின் பாத்திரத்தைக் கற்பனை என்று ஒதுக்குகிறவர் வடலூர்ப் பந்தியில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் மணிமேகலையிலிருந்து எடுத்துக்கொண்டது முதல் காதையான விழாவறை காதையை. இந்திரவிழாவுக்கு நகரை அலங்கரிக்கச் சொல்லி முரசறையும் பகுதி அது. அழகான பகுதிதான், ஆனால் அதில் மணிமேகலை இன்னும் வரவில்லை. நெய்வேலிப் பள்ளிகளின் தமிழாசிரியர்கள் பாடம் முடிந்த கையோடு இன்னும் மூன்று காதைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம்: பாத்திரம் பெற்ற காதை, ஆதிரை பிச்சையிட்ட காதை, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை. அதற்கு அடுத்த வாரம் வடலூருக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்தால், வகுப்பில் மணிமேகலை என்ற பெயரோடு யாராவது ஒரு பிள்ளை இருந்தால், அவளைப் பரிமாறச் சொல்லலாம்.