ரேடியோ கட்டியவர்கள்

கொங்கு நாட்டுக் கிராமங்களில் ஒலிபெருக்கியை யாரும் 'வைப்பதில்லை', கட்டுவார்கள். "நோம்பிக்கு ரேடியோ கட்டியாச்சா?" என்பதே கேள்வி. தமிழ் படித்தவன் என்பதாலோ என்னவோ, இந்த வினைச்சொல் எப்போதும் என்னைக் கவர்ந்திருக்கிறது. அத்தொழிலின் திறமை, ஆபத்து இரண்டும் 'கட்டு' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

1915 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டத்தின் முன் ஒலிபெருக்கி முழங்கிற்று. சென்னை மாநகராட்சி 1930இல் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது, கடற்கரையில் காற்று வாங்க வந்தவர்களும் கேட்கும்படி ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டன. பின்னர் அரசியல் மேடைகளும் கோயில் திருவிழாக்களும் கல்யாண வீடுகளும் கூம்புக் குழாயைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தன. அதற்கான இடம் தென்னை மரமோ, புளிய மரமோ, நட்ட மூங்கிலோதான். தரையில் வைத்தால் முன்வரிசைக்காரரின் காது அடைத்துப்போகும். கடைசி வரிசைக்குப் போகவேண்டிய ஒலியை இடையில் இருக்கும் உடல்கள் விழுங்கிவிடும். ஆகவே குழாய் மேலே ஏறியாக வேண்டும்.

உயரத்தில் பாரம் தொங்குவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஆழக் கிணறுகளில் கவலை இறைத்த காலத்தில் நீர் நிறைந்த சால் முழுதும் வடக்கயிற்றை நம்பித்தான் மேலேறிற்று. பாரத்தோடு வடம் அறுந்தால் இழுக்கும் எருதுகளுக்கும் ஓட்டுபவருக்கும் ஆபத்து. கயிற்றைத் தடவிப் பார்ப்பது உழவருக்கு அன்றாட வேலையாக இருந்தது.

எங்கள் ஊருக்கு ரேடியோ கட்ட வருபவர், குழாயை ஏற்றுவதற்கு முன் கயிற்றை ஒரு கிளையில் போட்டுத் தாமே தொங்கிப் பார்ப்பார். சிறுவர்களான நாங்கள் சிரிப்போம். இன்று யோசித்துப் பார்க்கையில் அதிலுள்ள கணக்கு புரிகிறது. ஐந்தாறு கிலோ குழாய்க்கு ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட உடலால் சோதனை. ஏறத்தாழ பத்து மடங்கு. தொங்கும் கருவி எதுவும் தாங்கவேண்டிய பாரத்தைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு வலுவாவது பெற்றிருக்கவேண்டும் என்பது இன்றைய மேடைப் பொறியியலில் பரவலான வழக்கம்.

1992இல் பிரான்சிலிருந்து வந்த வி-டாஸ்க் என்ற அமைப்புக்குப் பிறகு, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெட்டிகளைக் கோத்துத் தொங்கவிடும் முறை உலகெங்கும் பரவிற்று. பெரிய பெட்டி ஒன்று நூறு கிலோவை எட்டும். பன்னிரண்டு கோத்தால் ஒரு டன்னைத் தாண்டும். கீழே மக்கள் அமர்ந்திருப்பார்கள். இனி எவரும் கயிற்றில் தொங்கிப் பார்த்து அறிய முடியாது. கண்ணும் கணக்கும்தான் அந்த வேலையைச் செய்யவேண்டும்.

அந்தக் கணக்கும் எளிதில் ஏமாற்றக்கூடியது. ஒரு பாரத்தை இரண்டு கம்பிவடங்கள் நேராகத் தாங்கினால் ஆளுக்குப் பாதி. அவற்றை விரித்து, இடையிலுள்ள கோணம் 120 பாகை ஆகிவிட்டால், ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் இழுக்கவேண்டி வரும். கண்ணுக்கோ இரண்டு வடங்கள் இருப்பது மட்டுமே தெரியும். எனவேதான் ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் ஷாக்கிளில் பொறித்த எடையளவு, ஆணியின் பூட்டு, வடத்தில் அறுந்த இழைகள், துரு, செயின் பிளாக்கின் கொக்கி விரிந்திருக்கிறதா என்பன பார்க்கப்படவேண்டும். முதல் பிடி தவறினால் தாங்க, தனியே ஒரு காப்புவடம் வேண்டும். கழித்த உறுப்பை வெட்டி எறியவேண்டும். இல்லையெனில் அது அடுத்த ஊர் மேடைக்குப் போய்விடும்.

2011இல் அமெரிக்காவின் இண்டியானாவில் பலத்த காற்றில் மேடைக்கூரை சரிந்து ஏழு பேர் மாண்டனர். 2012இல் டொராண்டோவில் ரேடியோஹெட் குழுவின் கச்சேரிக்குச் சில மணிநேரத்துக்கு முன் கூரை விழுந்து, இசைக்கருவித் தொழில்நுட்பர் ஒருவர் இறந்தார். 2020 பிப்ரவரியில் சென்னையை அடுத்த 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூவர் உயிரிழந்தனர். 2023 மார்ச்சில் கிரேனில் தொங்கிய சரவிளக்குகளும் ட்ரஸ்ஸும் விழுந்தபோது, ஏ.ஆர். ரஹ்மானின் மகன் மயிரிழையில் தப்பினார்.

ஒலிபெருக்கி பற்றி நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் 2005ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் எத்தனை டெசிபல், எத்தனை மணிவரை என்று பேசுகின்றன. ஒலியின் அளவைக் குறித்த அந்த அக்கறை, தலைக்கு மேல் தொங்கும் எடையைக் குறித்து அவற்றில் இல்லை.

இலக்கியவாதிகளாகிய நாமும் விலக்கல்லர். 2010 ஜூனில் கோவை கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடு ஐந்து நாட்கள் நடந்தது. யார் பேசினார், என்ன பேசினார் என்று நிறைய எழுதினோம். அந்தப் பேச்சைக் கூட்டத்தின் கடைசி மனிதர்வரை கொண்டுசேர்க்க ஏறி இறங்கியவர்களைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை.

அடுத்த நோம்பியிலோ கச்சேரியிலோ இருக்கையில் அமருமுன் ஒருமுறை மேலே பாருங்கள். காப்புவடம் இருக்கிறதா என்று கட்டியவரிடம் கேளுங்கள். நல்ல தொழிலாளி அதற்குக் கோபிக்கமாட்டார், கூட்டிப்போய்க் காட்டுவார்.