தலைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர்: மவுண்ட் ரோட்டிலிருந்து தாம்பரம் வரை

1931ஆம் ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. மே மாதம் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அக்டோபர் 31ஆம் தேதி மதராஸ் கினிமா சென்ட்ரல் கொட்டகையில் 'காளிதாஸ்' வெளியானது. தமிழ் பேசிய முதல் படம் அதுதான். டிசம்பரில் லண்டனில் ஆலன் ப்ளம்லைன் என்ற எஞ்சினியர் ஸ்டீரியோ ஒலிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

மூன்றுக்கும் ஒன்றோடு ஒன்று சம்பந்தமே இல்லை. ஆனால் தாம்பரத்திலிருந்து ஒருவர் ரயிலேறிப் போய், நல்ல சத்தத்தோடு ஒரு படம் பார்த்துவிட்டு, கடைசி வண்டியில் வீடு திரும்புவதற்கு இந்த மூன்றும் தேவைப்பட்டன. அந்தச் சத்தம் திரைக்குப் பின்னாலிருந்து சுவருக்கு வந்து, சுவரிலிருந்து கூரைக்கு ஏறி, கடைசியில் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் உள்ள வீட்டு ஹாலுக்கே வந்து சேர்ந்தது. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

முன்னால் மட்டும் ஒலித்த காலம்

ப்ளம்லைனுக்கு ஸ்டீரியோ யோசனை வந்ததே ஒரு சினிமாக் கொட்டகையில்தான் என்று சொல்வார்கள். நடிகர் திரையில் ஒரு பக்கம் நிற்கிறார், குரலோ வேறு இடத்திலிருந்து வருகிறது. இது அவருக்குப் பொறுக்கவில்லை. குரலும் ஆளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று கிளம்பியதுதான் ஸ்டீரியோ. 1940இல் வால்ட் டிஸ்னியின் 'ஃபேண்டேசியா' படத்துக்காக 'ஃபேண்டாசவுண்ட்' என்ற முறையை உருவாக்கினார்கள். அதில் திரைக்குப் பின்னால் மட்டுமின்றி அரங்கத்துக்குள்ளும் ஸ்பீக்கர்கள் வைக்கப்பட்டன. செலவு அதிகம் என்பதால் அது சில ஊர்களோடு நின்றுபோனது.

மேலேயிருந்து சத்தம் கொடுக்கும் ஆசையும் பழையதுதான். 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்துக்காக லெ கொர்பூசியே அலுவலகம் ஒரு மண்டபம் கட்டியது. வளைந்து மேலேறும் அதன் சுவர்களில் நூற்றுக்கணக்கான ஸ்பீக்கர்களைப் பதித்து, எட்கார் வரேஸின் இசையைத் தலைக்கு மேல் ஓடவிட்டார்கள். கண்காட்சி முடிந்ததும் மண்டபத்தை இடித்துவிட்டார்கள்!

இங்கே நம் ஊரில் அதற்கெல்லாம் கண்காட்சி தேவைப்படவில்லை. கோயில் திருவிழா என்றால் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். அதிகாலையிலேயே பக்திப் பாட்டு வானத்திலிருந்து இறங்கும். ஆனால் அது சத்தம் நெடுந்தூரம் போக வேண்டும் என்பதற்காகக் கட்டியது. எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அதில் இல்லை.

தமிழ் சினிமா காது கொடுத்த கதை

1975இல் 'ஷோலே' 70 எம்.எம். திரையில் ஸ்டீரியோ ஒலியுடன் வந்தது. தமிழில் முதல் 70 எம்.எம். படம் 1986இல் வந்த ரஜினிகாந்தின் 'மாவீரன்'. ஆறு தடங்களில் காந்த ஒலிப்பதிவு. அதற்கு அடுத்த பெரிய படி 1995இல் பி.சி.ஸ்ரீராம் இயக்கி கமல்ஹாசன் நடித்த 'குருதிப்புனல்'. அது டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வந்தது. 1996இல் 'கறுப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியோடு வந்தது. ஃபிலிமில் நேரக்குறியீடு மட்டும் இருக்கும், ஒலி தனியாக ஒரு குறுந்தட்டில் ஓடும். 1993இல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு உலகுக்கு வந்த அந்த முறை மூன்றே ஆண்டில் தமிழுக்கு வந்துவிட்டது. அதன்பின் போஸ்டரில் நடிகர் பெயருக்குச் சமமாக 'டி.டி.எஸ்.' என்று கொட்டை எழுத்தில் போட்ட காலம் ஒன்று இருந்தது.

ஆனால் இதெல்லாம் யாருக்குக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல ஒலி முதலில் மவுண்ட் ரோட்டைச் சுற்றியுள்ள பெரிய தியேட்டர்களுக்கு வரும். தெற்குப் புறநகர் பின்னால்தான். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் படம் வந்தாலும், அந்தப் படத்தின் சத்தம் முழுதாக வர நாளாகும். அதனால்தான் பக்கத்திலேயே தியேட்டர் இருந்தும் ரயிலேறி நகரத்துக்குப் போனார்கள்.

2012: கூரை திறந்தது

5.1 என்றால் காதளவில் ஐந்து ஸ்பீக்கர், அதோடு அடிநாதத்துக்கு ஒரு சப்வூஃபர். சுற்றிலும் சத்தம் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே தட்டில். 2012இல் அது மாறியது. ஜனவரியில் 'ரெட் டெயில்ஸ்' ஆரோ 11.1 முறையிலும், ஜூனில் 'பிரேவ்' டால்பி அட்மாஸ் முறையிலும் வந்தன.

இரண்டும் கூரையை வேறு வேறு விதமாகப் பார்த்தன. பெல்ஜியத்தில் பிறந்த ஆரோ அடுக்குமுறையை நம்பியது. காதளவில் ஓர் அடுக்கு, அதற்கு மேலே இன்னோர் அடுக்கு, உச்சந்தலைக்கு நேராக ஒரு சேனல். டால்பி அட்மாஸ் 'இந்த ஸ்பீக்கருக்கு இந்தச் சத்தம்' என்று எழுதுவதோடு நிற்கவில்லை. 'இந்த ஹெலிகாப்டர் இந்த இடத்தில் இருக்கிறது' என்றும் எழுதியது. அரங்கில் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறதோ அதற்கேற்ப இயந்திரமே கணக்குப் போட்டுப் பிரித்துக் கொடுக்கும். 128 தடங்கள், 64 ஸ்பீக்கர் வழிகள் வரை.

இரண்டுமே இந்தியாவுக்குள் தமிழ்ப் படத்தின் வழியாகத்தான் நுழைந்தன என்பது சுவாரசியமான விஷயம். 2012 டிசம்பர் 12, ரஜினியின் பிறந்தநாளில், 'சிவாஜி' படத்தின் முப்பரிமாணப் பதிப்பு அட்மாஸ் ஒலியுடன் வெளியானது. அடுத்த இரண்டே மாதத்தில் கமலின் 'விஸ்வரூபம்' ஆரோ ஒலியுடன் வந்தது.

விஸ்வரூபத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. தியேட்டருக்கு முன்பாகவே டி.டி.எச். மூலம் வீட்டில் படத்தைக் காட்டப் போவதாகக் கமல் அறிவித்தார். தியேட்டர்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், கடைசியில் தியேட்டருக்குத்தான் படம் முதலில் போனது. பிறகு வேறு காரணத்துக்காகத் தடையும் வந்து, 2013 பிப்ரவரி 7ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் வெளியானது. யோசித்துப் பார்த்தால், கூரையில் ஸ்பீக்கர் வைத்தால்தான் முழுதாகக் கேட்கும் படமும், வீட்டு டி.வி.யிலேயே பார்க்கலாம் என்ற படமும் ஒன்றேதான்! தியேட்டரா வீடா என்ற சண்டை அந்த ஒரே படத்துக்குள் இருந்தது.

காது எப்படி உயரத்தை அறிகிறது?

இடம் வலம் தெரிவது எளிது. வலது பக்கச் சத்தம் வலது காதுக்குக் கொஞ்சம் முன்னால் வரும், இடது காதுக்குக் கொஞ்சம் பிந்தும். அந்த வித்தியாசம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மூளைக்கு அது போதும். ஆனால் நேர் மேலேயிருந்து வரும் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் அல்லவா வருகிறது? அப்போது உதவுவது காது மடல். அதன் மடிப்புகள் கீச்சென்ற உயர்ந்த சுருதிகளைக் கொஞ்சம் மாற்றி உள்ளே அனுப்பும். அந்த மாற்றத்தை வைத்துத்தான் மூளை உயரத்தைக் கணிக்கிறது.

1998இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் சிலரின் காது மடலுக்குள் அச்சு வார்த்து வைத்தார்கள். உடனே அவர்களுக்கு மேல் கீழ் தெரியாமல் போனது, இடம் வலம் மட்டும் தெரிந்தது. சில வாரங்களில் மூளை புதிய காதைப் பழகிக்கொண்டது. அதாவது உயரம் கேட்பது நாம் கற்றுக்கொண்ட பழக்கம். மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விமானம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்வார்கள்.

ஹாலுக்குள் வந்த கதை

2014இல் வீட்டுக்கான அட்மாஸ் ரிசீவர்கள் வந்தன. 2015இல் டி.டி.எஸ். தன் பங்குக்கு 'டி.டி.எஸ். எக்ஸ்' கொண்டுவந்தது. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் 'ஓக்ஜா' படத்தோடு அட்மாஸ் ஒலியை இணையம் வழியாகவே அனுப்பியது. 5.1 என்பது 5.1.2 ஆனது. கடைசி எண்தான் தலைக்கு மேலுள்ள ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை.

படத்தில் எல்லாம் அழகாக இருக்கும். தாம்பரம் பக்கத்து அடுக்குமாடி வீட்டில்தான் சிக்கல். ஹாலின் நடுவே சீலிங் ஃபேன். அதைக் கழற்றச் சொன்னால் மே மாதத்தில் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். கான்கிரீட் தளத்தில் துளை போட்டுக் குழி வைக்க முடியாது. வைத்தால் ஃபால்ஸ் சீலிங் அடிக்க வேண்டும், உயரம் குறையும். அப்படியே தளத்தோடு சேர்த்து முடுக்கினால் மாடி வீட்டுக்காரரும் சேர்ந்து படம் கேட்பார். வாடகை வீடு என்றால் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. ஸ்பீக்கரைத் தரையளவில் வைத்து, சத்தத்தைச் சாய்வாக மேலே அனுப்பி, கூரையில் பட்டுத் திரும்ப வைப்பது. கேரம் போர்டில் காய் விளிம்பில் பட்டுத் திரும்புவது போல. காது மடல் செய்யும் மாற்றத்தையும் முன்கூட்டியே அதில் கலந்துவிடுவார்கள். இதற்குச் சமதளமான, கெட்டியான கூரை வேண்டும். ஏழரை அடியிலிருந்து பன்னிரண்டு அடி உயரம் உத்தமம். நம் ஊரின் பத்தடி கான்கிரீட் தளம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது! ஆனால் ஃபேன் இறக்கைக்குக் கீழே விழும்படி வைக்கக்கூடாது, பீம் குறுக்கே வந்தாலும் போச்சு. நேரடி ஸ்பீக்கர் அளவுக்குத் தெளிவு இதில் கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூரையில் மாட்ட முடிந்தவர்கள் இரண்டை மட்டும் வைத்தால், உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் வைக்கலாம். நான்கு என்றால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, காதிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி மேலே. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்னால் வைத்த இரண்டும் வீண். இன்னொன்று, இரவு 10 மணிக்கு மேல் ஒலி கட்டுப்பாடு என்பது திருவிழா ஸ்பீக்கருக்கு மட்டுமல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கம் எந்தச் சட்டத்தையும் விடப் பெரியது.

கிடைத்ததும் இழந்ததும்

ஆரோ நிறுவனம் 2022இல் திவாலானது. பிறகு வேறொரு நிறுவனம் அந்த முறையை எடுத்து நடத்துகிறது. விஸ்வரூபத்துக்காக ஆரோ பொருத்திய தியேட்டர்களுக்கு அது ஒரு பாடம். பெட்டியும் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும். 2018இல் '2.0' படத்துக்காக இருக்கைக்கு அடியிலிருந்தும் சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். மேலே போய்விட்டது, கீழேயும் போய்விட்டது. இதற்கிடையில் குரோம்பேட்டை வெற்றி தியேட்டருக்கே அட்மாஸ் வந்துவிட்டது. நல்ல சத்தத்துக்காக ரயிலேற வேண்டிய அவசியம் தாம்பரம்காரருக்கு இப்போது இல்லை. அந்த வகையில் இது புறநகர் வென்ற கதை.

ஆனால் ஒன்று. அட்மாஸ் வாங்க வருபவருக்குக் கடைகளில் அடிக்கடி போட்டுக் காட்டுவது மழைச் சத்தம். தலைக்கு மேல் சடசடவென்று மழை பெய்யும், வந்தவர் வாய் பிளப்பார். ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையின் கீழும் வளர்ந்தவர்கள் அந்தச் சத்தத்தை ஒவ்வொரு ஐப்பசியிலும் இலவசமாகக் கேட்டார்கள். தாம்பரத்தில் அந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அடுக்குமாடி வந்து, கான்கிரீட் தளம் மழையின் குரலை அடைத்துவிட்டது. ஒழுகாத கூரை நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஒழுகும் கூரையின் கீழ் பாத்திரம் வைத்தபடி விழித்திருந்த யாரும் அந்தக் காலத்துக்குத் திரும்ப ஆசைப்பட மாட்டார்கள். அடைத்த மழையை இப்போது ஸ்பீக்கர் வாங்கி மறுபடி உள்ளே கூப்பிடுகிறார்கள்.

அடுத்த முறை வடகிழக்குப் பருவமழை தாம்பரத்தில் கொட்டும்போது டி.வி.யை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, மொட்டை மாடிக் கதவருகே போய் நின்று பாருங்கள். 128 தடத்தில் அடங்காத சத்தம் அது.