ஜெனீவாவில் தொடங்கிய வகுப்பு

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும். ஆனா தயவு செஞ்சு ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் எழுதிடாதே!" இது மலர்க் குழுவிலிருந்து எனக்கு வந்த உத்தரவு. அதனால் சாம்பாரை விட்டுவிட்டு வேறு கதை சொல்கிறேன்.

நான் நம் கல்லூரியில் இயற்பியல் படித்து, பிறகு பொறியியலுக்குப் போனவன். சென்ற ஆண்டு நம் தமிழ்த் துறையில் மொழிபெயர்ப்புச் சான்றிதழ் வகுப்பு மாணவர்களுக்கு, சர்வதேச அமைப்புகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேச அழைத்தார்கள். பாதியில் ஒரு மாணவி எழுந்து, "சார், நாங்க மொழிபெயர்க்கத்தானே படிக்கிறோம்? ஐ.நா. சபைக்கு எத்தனை கிளைன்னு எங்களுக்கு எதுக்கு சார்?" என்று கேட்டார். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். முழுப் பதில் இதுதான்.

முதல் உலகப் போர் வரை ஐரோப்பிய அரசுகள் பேசிக்கொண்ட மொழி பெரும்பாலும் பிரெஞ்சு. 1919-ல் நடந்த பாரிஸ் சமாதான மாநாட்டில் ஆங்கிலத்துக்கும் அதே அந்தஸ்து கிடைத்தது. பெரிய தலைவர்கள் கூடிய அறையில் மொழிபெயர்த்தவர் பால் மாந்தூ என்ற பிரெஞ்சுக்காரர். அவர் ஒரு வரலாற்று ஆசிரியர். பேசுபவர் முடிக்கும் வரை குறிப்பெடுத்து, பிறகு முழுப் பேச்சையும் மறுமொழியில் சொல்ல வேண்டும். அதே ஆண்டு பிறந்த சர்வதேச தொழிலாளர் அமைப்பும், 1920-ல் செயல்படத் தொடங்கிய சர்வதேச சங்கமும் ஜெனீவாவில் குடியேறின. கூட்டங்கள் பெருகின. ஒவ்வொரு பேச்சையும் இரண்டு முறை கேட்டால் நேரம் என்ன ஆகும்?

இங்கேதான் நம் ஆள் ஒருவர் நுழைகிறார். ஆமாம், எஞ்சினியர்! பாஸ்டன் வணிகர் எட்வர்டு ஃபைலீன் கொடுத்த யோசனையை வைத்து, ஃபின்லே என்ற பொறியாளர் தொலைபேசிச் சாமான்களைக் கொண்டு ஒரு கருவி அமைத்தார். 1927-ல் ஜெனீவா தொழிலாளர் மாநாட்டில் அதைச் சோதித்தார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டால் பேச்சு நடக்கும்போதே மொழிபெயர்ப்பும் கேட்கும்.

கருவி வந்தால் போதுமா? ஆள் வேண்டாமா? 1941-ல் அந்துவான் வெல்மான் ஜெனீவாவில் மொழிபெயர்ப்பாளர் பள்ளியைத் தொடங்கினார். வருடத்தைக் கவனியுங்கள். உலகமே பற்றி எரிகிறது. வேலை கொடுக்க வேண்டிய சர்வதேச சங்கமே முடங்கிக் கிடக்கிறது. அந்த நேரத்தில், போர் முடிந்தால் மனிதர்கள் மறுபடி பேசித்தான் ஆக வேண்டும் என்று ஒருவர் பள்ளி திறந்திருக்கிறார். இன்று அது ஜெனீவா பல்கலைக்கழகத்தில் தனிப் புலம்.

நம்பிக்கை வீண் போகவில்லை. 1945 நவம்பரில் நூரம்பர்க் விசாரணை தொடங்கியது. ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என நான்கு மொழிகள். ஏற்பாடு செய்தவர் கர்னல் லியோன் தோஸ்தேர். குழுவுக்கு 12 பேராக மூன்று குழுக்கள். ஜெனீவாப் பள்ளியில் படித்தவர்களும் அவர்களில் உண்டு. பேசுபவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு, நிறுத்த வேண்டுமானால் சிவப்பு விளக்கு. ஒரு சொல் பிசகினால் ஓர் உயிர் போகலாம் என்ற இடம் அது. அடுத்து ஐ.நா. சபையும் அந்த முறையை ஏற்றது. அங்கே 1946-ல் ஐந்து ஆட்சி மொழிகள். 1973-ல் அரபு ஆறாவதாகச் சேர்ந்தது.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். தொழிலாளர் அமைப்பு 'உடன்படிக்கை'யும் வெளியிடும், 'பரிந்துரை'யும் வெளியிடும். முன்னதை ஒரு நாடு ஏற்று உறுதி செய்தால் அது கட்டுப்படுத்தும். பின்னது வழிகாட்டுதல் மட்டுமே. ஐ.நா.வில் பொதுச் சபையும் தீர்மானம் போடும், பாதுகாப்பு சபையும் போடும். முதலாவது பெரும்பாலும் பரிந்துரை. இரண்டாவதில் 'முடிவு செய்கிறது' என்று வந்தால் உறுப்பு நாடுகள் கட்டுப்பட வேண்டும். தமிழில் இரண்டுமே 'தீர்மானம்'தான்! ஐரோப்பாவிலும் இதே சிக்கல். ஸ்ட்ராஸ்பர்கில் 1949 முதல் இருக்கும் கவுன்சில் வேறு. ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் கூடும் கவுன்சில் வேறு. அகராதி மட்டும் தெரிந்தவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்.

1967 நவம்பர் 22-ல் பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 242-ஆம் தீர்மானத்தைப் பாருங்கள். இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டிய பிரதேசங்களைச் சொல்லும்போது, ஆங்கில வாசகத்தில் 'தி' என்ற சிறு சொல் இல்லை. பிரெஞ்சு வாசகத்திலோ குறிப்பிட்ட பிரதேசங்கள் என்று பொருள்படும்படி இருக்கிறது. எல்லாப் பிரதேசங்களுமா, சிலவா? அரை நூற்றாண்டு தாண்டியும் வாதம் ஓயவில்லை.

ஊர்க் கதை ஏன், என் கதையையே சொல்கிறேன். முதல் வேலையில் ஒரு இயந்திரக் கையேட்டைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். தர நிர்ணய ஆவணங்களில் 'ஷல்' என்றால் கட்டாயம், 'ஷுட்' என்றால் பரிந்துரை. எனக்கு அது அப்போது தெரியாது. இரண்டையும் 'செய்வது நல்லது' என்று அழகாக எழுதிவிட்டேன். பாதுகாப்பு மூடியைத் திறந்து வைத்து வேலை பார்த்த ஒருவர் விரல் நுனியில் காயத்தோடு தப்பினார். "நல்லதுன்னுதானே சார் போட்டிருக்கு, கட்டாயம்னு போடலையே" என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. எனக்கு ஆங்கிலமும் தெரியும், தமிழும் தெரியும். அந்த ஆவணத்தை எழுதியவர் யார், எந்த அதிகாரத்தோடு எழுதினார் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

கடைசியாக ஒன்று. நூரம்பர்க்கில் மனிதர்களை வைத்து வேலை வாங்கிய அதே தோஸ்தேர், 1954 ஜனவரியில் ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து ரஷ்ய வாக்கியங்களைக் கணினியால் ஆங்கிலமாக்கிக் காட்டினார். அகராதியில் 250 சொற்கள், இலக்கண விதிகள் ஆறு. இன்று கைபேசியே நொடியில் பெயர்த்துத் தருகிறது. ஆனால் விரல் போனால் பொறுப்பேற்பது கைபேசி அல்ல.

ஆகவே, அன்புத் தங்கையே, ஐ.நா.வின் கிளைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். யார் பேசுகிறார், யாரைக் கட்டுப்படுத்தப் பேசுகிறார் என்று கேட்கப் பழகிக்கொள். அந்த ஒரு மணி நேரம் அதற்குத்தான். அடுத்த முறை கூப்பிட்டால் கட்டாயம் வருகிறேன். இது 'ஷுட்' அல்ல, 'ஷல்'!