சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட பாடம்: 19ஆம் நூற்றாண்டுப் பெண்களும் அறிவியல் புனைகதையும்

அறிவியல் புனைகதையின் தொடக்கத்தை மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலில் வைப்போருக்கு எதிராக ஒரு மறுப்பு எழுப்பப்படுவதுண்டு: அதில் அறிவியல் எங்கே இருக்கிறது? விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் பிணத்துண்டுகளுக்கு உயிரூட்டிய முறை எங்கும் விளக்கப்படவில்லை. இதை ஆசிரியரின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அக்காலப் பெண்கள் அறிவியலை எந்த வழியாக அடைந்தார்களோ, அந்த வழியே அவர்கள் புனைகதையின் மையக் கேள்வியைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம். செய்முறை அவர்களுக்கு இரண்டாம் பட்சம். அறிவு யார் கையில் இருக்கிறது, அதன் விளைவுக்கு யார் பொறுப்பு என்பதே அவர்கள் கேட்டது.

லண்டனில் 1799இல் நிறுவப்பட்ட ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி நிகழ்த்திய வேதியியல் சொற்பொழிவுகளுக்குப் பெண்கள் திரளாக வந்தனர். கேட்பதற்குத் தடையில்லை. ஆனால் ராயல் சொசைட்டி பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க 1945 ஆயிற்று. டேவியின் உரைகளைக் கேட்ட ஜேன் மார்செட், தமக்குப் புரிந்ததை ஓர் ஆசிரியையும் இரு மாணவியரும் பேசிக்கொள்ளும் உரையாடலாக எழுதினார். 'கான்வர்சேஷன்ஸ் ஆன் கெமிஸ்ட்ரி' என்ற அந்நூல் 1806இல் ஆசிரியர் பெயரின்றி வந்தது. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த மைக்கேல் ஃபாரடே வேதியியலில் நாட்டம் கொள்ள அந்நூலும் காரணம். பார்வையாளர் இருக்கையிலிருந்து எழுதப்பட்ட நூல் ஒன்று ஒரு பெரும் விஞ்ஞானிக்கு வழிகாட்டியிருக்கிறது.

மேரி ஷெல்லியும் இப்படிக் கேட்டுக் கற்றவரே. 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் பைரனும் பெர்சி ஷெல்லியும் உயிரின் மூலத்தைப் பற்றி விவாதித்தபோது, தாம் பெரும்பாலும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்ததாக 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவர் எழுதுகிறார். 1816 அக்டோபரில், நாவலை எழுதிவந்த நாட்களில், அவர் டேவியைப் படித்ததை அவருடைய நாட்குறிப்பு காட்டுகிறது. நாவலில் பேராசிரியர் வால்ட்மன் நிகழ்த்தும் உரையில் டேவியின் குரலை ஆய்வாளர்கள் இனங்கண்டுள்ளனர்.

இந்த அனுபவத்தின் சுவடு நாவலின் நடுப்பகுதியில் தெளிவாகத் தெரிகிறது. டி லேசி குடும்பத்தின் குடிலை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்திருக்கும், விக்டர் உயிரூட்டிய படைப்பு, சுவரின் சிறு இடுக்கு வழியே பார்த்தும் கேட்டும் மொழி கற்கிறது. அராபியப் பெண்ணான சேஃபிக்கு அக்குடும்பத்து மகன் ஃபெலிக்ஸ், வோல்னியின் வரலாற்று நூலைப் படித்து விளக்குகிறான். பாடம் அவளுக்காக நடத்தப்படுகிறது. அவளைவிட விரைவாகக் கற்றுக்கொள்வதோ சுவருக்கு அப்பால் இருக்கும் பெயரற்ற ஒன்று. கற்றதன் பயனாக அது தன்னைப் படைத்தவனிடம் கணக்குக் கேட்கிறது.

அதன் கோரிக்கைக்கு இணங்கி விக்டர் ஓர்க்னித் தீவு ஒன்றில் பெண் படைப்பை உருவாக்கத் தொடங்குகிறான். வேலை பாதியில் இருக்கும்போது அச்சம் அவனைப் பிடிக்கிறது. அவள் சுயமாகச் சிந்திப்பாள், தான் பிறக்குமுன் பிறர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏற்க மறுக்கலாம், பிள்ளைகளும் பெறலாம். உடனே அந்த உடலைக் கிழித்தெறிகிறான். செய்முறை தெரியாமல் அவன் கைவிடவில்லை. தெரிந்தும் அழிக்கிறான். செய்முறையை விவரித்திருந்தால் வாசகரின் கவனம் கருவிகளின்மேல் போயிருக்கும். அதை விலக்கியதால்தான் முடிவெடுக்கும் அதிகாரம் யாருடையது என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது.

'ஃபிராங்கன்ஸ்டைன்' வெளிவந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ஜேன் வெப், மணத்திற்குப்பின் ஜேன் லவுடன் என அறியப்பட்டவர், 'தி மம்மி!' (1827) நாவலை எழுதினார். கதை நிகழ்வது 2126இல். இங்கிலாந்தை ஒரு ராணி ஆள்கிறார். பெண்கள் காற்சட்டை அணிகிறார்கள். நீராவியால் இயங்கும் மருத்துவப் பொறிகளும் உழவுப் பொறியும் இருக்கின்றன. பெயரின்றி வந்த இந்நாவலைப் பாராட்டிய தோட்டக்கலை அறிஞர் ஜான் லவுடன், எழுதியவர் ஆண் என்றே எண்ணினார். பிறகு அவரைச் சந்தித்து மணந்துகொண்டார்.

இந்த மரபைப் புகழ்ந்து மட்டும் நிறுத்திவிட முடியாது. அமெரிக்கரான மேரி பிராட்லி லேனின் 'மிஸோரா' 1880-81இல் சின்சினாட்டி நாளிதழில் தொடராக வந்தது. ஆண்களே இல்லாத அந்நிலத்தடி நாட்டில் கல்வி எல்லோருக்கும் இலவசம். உணவை வேதியியல் தயாரிக்கிறது. கருநிறத்தவர் அகற்றப்பட்ட நாடும் அதுவே. அறிவு பெண்கள் கைக்கு வந்ததால் மட்டும் அதிகாரத்தின் கொடுமை நீங்கிவிடவில்லை.

அறிவை நிறுவனமாகக் கட்டியெழுப்பும் கற்பனைக்கு, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரொக்கையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' (1905) சான்று. கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் அது முதலில் வெளிவந்தது. அக்கதையில் ராணியின் ஆணையால் பெண்களுக்குத் தனிப் பல்கலைக்கழகங்கள் எழுகின்றன. ஒன்று வளிமண்டலத்திலிருந்து நீரை எடுக்கிறது, மற்றொன்று சூரிய வெப்பத்தைத் திரட்டுகிறது. சுவர் இடுக்கில் ஒட்டுக்கேட்ட அறிவுக்கு இங்கே சொந்தக் கூடம் கிடைத்துவிடுகிறது. ஆனால் ஆண்கள் திரைக்குப்பின் அடைபடுகிறார்கள். நகைச்சுவையோடு சொல்லப்பட்டாலும், சுவரின் அநீதியை இடம் மாற்றிக் காட்டும் உத்தி அது.

ஆகவே 19ஆம் நூற்றாண்டு அறிவியலில் பெண்களின் பங்கைக் கண்டுபிடிப்புகளின் பட்டியலைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. அறிவு யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்ட இக்கதைகளும் அறிவியல் வரலாற்றின் மூலச் சான்றுகளாகவே படிக்கப்பட வேண்டும்.